பொன்னுத்தொட்டான் வாங்கிய குரல்

மரமும் மைனாவும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. ஒரு கிணறு, சில எலுமிச்சை மரங்கள், ஒரு கொடுக்காப்புளி, வேலியோரம் முருங்கை. அதை வீரணனும் அவர் பெண்சாதி ஒச்சம்மாவும் பார்த்துவந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பறவைகள்தான் வரப்போக இருந்தன.

ஒச்சம்மாவுக்கு ஒரு வழக்கம். சித்திரை பிறந்ததும் வீட்டின் கிழக்குச் சுவரைச் செம்மண் பூசி மெழுகிவிடுவாள். பிறகு, அந்த வருடம் தோட்டத்துக்குள் ஒரு பறவையை முதன்முதலாகப் பார்க்கும்போது, சுண்ணாம்பில் விரலைத் தொட்டு அந்தச் சுவரில் அதற்கு ஒரு குறி வைப்பாள். காக்கைக்கு ஒன்று, கொக்குக்கு ஒன்று, மீன்கொத்திக்கு ஒன்று. பங்குனி முடிவதற்குள் சுவர் நிறைந்திருக்கும். மறு சித்திரையில் எல்லாம் செம்மண்ணுக்கு அடியில் போய்விடும். மறுபடி காக்கையிலிருந்து தொடங்குவாள்.

இது பொழுதுபோக்கு இல்லை. வடக்கே குளிர் இறங்கும்போது வாடைக்காற்று அங்குள்ள பறவைகளைத் தெற்கே தூக்கிவரும். தூக்குமுன் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்கும்: "போன வருசம் எந்தச் சுவரில் உனக்குக் குறி இருந்தது?" வாயால் சொல்ல வேண்டியதில்லை, மனதில் அந்தச் சுவர் இருந்தால் போதும். தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவதுபோலக் காற்று அதைக் கொண்டுவந்து அந்தத் தோட்டத்தில் இறக்கிவிடும். குறியில்லாத பறவை மேகத்துக்குள் சுற்றிச் சுற்றி, கடைசியில் கடல்மேல் போய்விடும். அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சேதி இல்லை.

இது தெரிந்ததனால் ஒச்சம்மா கணக்கில் கறாராக இருந்தாள். பொய்க்குறியைக் காற்று நம்பாது. வேலிக்குள் வந்திருக்க வேண்டும், அவளே பார்த்திருக்க வேண்டும்.

"ஏ புள்ள, பனை மேல ஒரு ராசாளி உக்காந்திருந்துச்சு. போட்டுக்க" என்பார் வீரணன்.

"பனை யாரு வேலிக்குள்ள நிக்கிது?"

"பக்கத்துக் காட்டுலதான். இருந்தாலும் நான் பாத்தேன்ல?"

"நீரு சாப்பிட்டா எனக்குப் பசி அடங்குமாய்யா? போயி மடைய மாத்தும்."

வடக்கிருந்து வருகிறவர்களில் பொன்னுத்தொட்டான் என்று ஒருவன். மஞ்சள் மார்பு, பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் குங்குமம், கண்ணோரம் மை. அத்தனைக்கும் மேலே, சருகின்மேல் இழுபட்டு வரும் நீளமான வால். ஐப்பசி மழையோடு வந்து எலுமிச்சை நிழலில் நடப்பான். ஒச்சம்மா பார்ப்பாள், சிரிப்பாள், குறி வைப்பாள். அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அவனுக்குக் குரல் கிடையாது. பறவைகளுக்குக் குரல் பங்கிட்ட நாளில் ஒரு சுனையோரம் தன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான். போய்ச் சேர்ந்தபோது பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். கரிச்சான் குருவி அன்றைக்குப் பந்தியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பத்துக் குரலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனது வேறு கதை.

அப்படியிருக்கையில் ஒரு வருடம் ஒச்சம்மாவின் கண்ணில் புகை படிந்தது. ஆவணியில் கொடுக்காப்புளி மங்கிப்போனது. புரட்டாசியில் அவள் விரலே அவளுக்குத் தெரியவில்லை.

"இனி என் கண்ணால பாத்துச் சொல்றேன்" என்றார் வீரணன்.

அவள் ஒப்பவில்லை. "உம்ம கண்ணு உமக்கு. எனக்குக் காது இருக்கு. வேலிக்குள்ள நின்னு யாரு குரல் குடுத்தாலும் பாத்தாப்புலதான்."

அன்றிலிருந்து வெயில் ஏறுமுன் ஒரு முறையும், பொழுது சாயும்போது ஒரு முறையும் வீரணன் அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து சுவரடியில் உட்காரவைப்பார். வெயிலில் கண் எரியும் என்பதால் மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள்தான். பறவைகள் முண்டியடித்தன.

"ஆத்தா, நாந்தான் மைனா!"

"ஒனக்குச் சித்திரையிலயே வச்சாச்சு, போடீ."

கரிச்சான் மட்டும் முருங்கையில் உட்கார்ந்து பருந்துபோலக் கத்தினான், பிறகு பூனைபோல, பிறகு மாங்குயில்போல.

"ஏலே கரிச்சான், பூனைக்குக் குறி வைக்கச் சொல்றியா?" என்றாள் ஒச்சம்மா. "ஒன் பத்துக் குரலும் எனக்குத் தெரியும். எந்தக் குரல்ல வந்தாலும் ஒனக்கு ஒரு குறிதான்."

ஐப்பசியில் பொன்னுத்தொட்டான் வந்திறங்கினான். வீரணன் மடை மாற்றப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அவள் முன்னால் நடந்தான். வாலை விரித்தான். ஒச்சம்மா அவனைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் இன்னும் நெருங்கினான். ஒருநாள் அவள் கால்விரலுக்குப் பக்கத்திலேயே நின்றான். "இந்தத் தடவ என் பொன்னுத்தொட்டான் வரலையேய்யா" என்று அவள் மடைப்பக்கம் நின்ற வீரணனிடம் உரக்கச் சொன்னதை அங்கே நின்றுதான் கேட்டான்.

மாசி போனது. பங்குனி பிறந்தது. வடக்கே திரும்ப வேண்டிய காலம். குறியில்லாமல் போனால் மறு ஐப்பசியில் காற்று கேட்கும் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது.

பொன்னுத்தொட்டான் முருங்கையடிக்குப் போய்க் கரிச்சானைப் பார்த்து நின்றான்.

"என்ன மாப்ள? குரலா?" என்றான் கரிச்சான். எதிராளி பேசாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசினான். "'ஆமாண்ணே, ஒண்ணே ஒண்ணு குடுங்க.' சும்மாக் குடுப்பாங்களா மாப்ள? 'என்னண்ணே வேணும்?' என்ன வச்சிருக்க நீ? அந்த வாலு நல்லாத்தான் இருக்கு. 'ஐயோ, வாலா?' யோசிச்சுக்க. எனக்கொண்ணும் அவசரமில்ல. பங்குனிக்குத்தான் அவசரம்."

பொன்னுத்தொட்டான் கிணற்றுத் தொட்டியில் கடைசியாக ஒருமுறை தன்னைப் பார்த்துக்கொண்டான். பிறகு திரும்பி நின்று வாலைக் காட்டினான்.

கரிச்சான் பிடுங்கிய வாலை அடுப்புக்கரியில் புரட்டிக் கறுப்பாக்கித் தன் வாலோடு சேர்த்துச் செருகிக்கொண்டான். பதிலுக்கு, மடியில் கிடந்ததிலேயே சின்னக் குரலைக் கொடுத்தான். இரண்டே அசை நீளமுள்ள ஒரு சீழ்க்கை.

அன்று பொழுது சாய்ந்தபோது ஒச்சம்மா சுவரடியில் உட்கார்ந்திருந்தாள். மொட்டை வாலைக் காட்ட வெட்கப்பட்டு, எலுமிச்சைப் புதருக்குள் பதுங்கி நின்று, வாழ்நாளில் முதன்முதலாகப் பொன்னுத்தொட்டான் குரல் கொடுத்தான்.

"வீ...ட்டூ."

ஒச்சம்மா முகம் சுளித்தாள். "கரிச்சான் பய இன்னும் ஏமாத்துறத விடல. இதும் அவன் குரல்தான்."

புதருக்குள் அவனுக்கு உயிரே போய்விட்டது. வாலும் போச்சு, குறியும் இல்லை. மறுபடி கூப்பிட்டான். இன்னும் ஒருமுறை.

"வெரட்டி விடுமய்யா அவன."

வீரணன் மண்ணாங்கட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தவர் அப்படியே நின்றார். "புள்ள, கரிச்சான் என் தலைக்கு மேல முருங்கையிலதான உக்காந்திருக்கான்? வாயே தொறக்கல. சத்தம் எலுமிச்சைக்குள்ளேருந்து வருது." பிறகு, "இது என்ன கூத்து, இவனுக்கு ரெண்டு வாலு!" என்றார்.

"ரெண்டா?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஆளுக்கொரு பக்கமா நிக்கிது."

ஒச்சம்மா எழுந்துவிட்டாள். கரிச்சான் எதையும் சும்மா கொடுக்கிறவன் இல்லை. அவன் குரல் இன்னொருவன் வாயில் இருக்கிறது, இன்னொருவன் வால் அவனிடம் இருக்கிறது. அவளுடைய பறவைகளில் வால் மட்டும் இருந்து, பேச நாக்கில்லாதவன் யார்?

"அட என் தங்கமே" என்றாள். "இத்தன நாளும் என் முன்னாலதான் நடந்தியா?"

வீரணனைச் சுண்ணாம்பை நீட்டச் சொல்லித் தொட்டு, சுவரைத் தடவித் தடவி வெறுமையாக இருந்த இடம் கண்டுபிடித்து, தன் கையாலேயே குறி வைத்தாள். பிறகு புதரின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னாள்: "வெளிய வர வேணாம். எவனாச்சும் சிரிப்பான். காலையிலயும் சாயந்தரமும் நான் இங்கதான் இருப்பேன். அப்பக் குரல் குடு. போதும்."

மறு ஐப்பசியில் காற்று கேட்டது. அவன் மனதில் சுவர் இருந்தது. மழைக்குள், உறக்கத்துக்குள், மலைகளுக்கு மேலே மிதந்து வந்து எலுமிச்சையடியில் கண் விழித்தான். பொழுது சாயக் காத்திருந்து கூப்பிட்டான்.



சுவரடியில் வீரணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஆடியில் ஒச்சம்மா போய்விட்டாள். ஆடிவரைக்கும்தான் சுவரில் குறிகள் இருந்தன. அதற்குமேல் செம்மண் அப்படியே கிடந்தது. அது அவள் கணக்கு. தான் தொடக்கூடாதென்று அவர் இருந்துவிட்டார்.

விடியலில் மறுபடி கூப்பிட்டான். சாயங்காலம் மறுபடி.

"யாரக் கூப்புடுற?" என்றார் வீரணன். "அவ இல்லப்பா."

"வீ...ட்டூ."

"அவ இல்லன்னு சொல்றேன்ல."

"வீ...ட்டூ."

அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு வேறு எப்படிக் கேட்பது? கிழவர் வெகுநேரம் புதரையே பார்த்தார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. எழுந்துபோய்க் காய்ந்து கிடந்த சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் குழைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். சுவரைத் தடவி, அவள் வைத்த கடைசிக் குறிக்குப் பக்கத்தில் விரலை அழுத்தினார்.

மறுநாள் விடிந்தபோது மற்ற பறவைகளும் தங்கள் குறிக்காகச் சுவரடிக்கு வந்து நின்றன.

பொன்னுத்தொட்டான் மொட்டை வாலோடு புதருக்குள்ளேயே திரிவதும், விடியும்போதும் இருட்டும்போதும் மட்டும் குரல் கொடுத்து ஆறுமணிக்குருவி என்று பெயர் வாங்கியதும், கரிச்சானின் வால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் அன்று முதல்தான். தோட்டத்துப் பறவைகளை வருடாவருடம் கணக்கெடுத்து எழுதி வைப்பவர்கள், கண்ணில் படாமல் காதில் மட்டும் விழுந்த பறவையையும் வந்ததாகவே சேர்த்துக்கொள்வதும் அன்று முதல்தான்.