மேற்குச் சுவரில் குடியிருந்த ராணி

மரம் பேசினால் மனிதர்கள் நின்று கேட்டுவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நொச்சிநாடு என்று ஒரு நாடு. அந்த நாட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் தையல்நாயகி என்று ஒருத்தி.

கவலைப்படுவதுதான் அவளுக்கு முக்கால்வாசி வேலை. மழை பெய்தால் கூரை ஒழுகுமே என்று கவலை. வெயில் அடித்தால் கிணறு வற்றுமே என்று கவலை. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மூட்டமாக இருந்தால், இது எதில் கொண்டுபோய் விடுமோ என்று கவலை. "ஐயோ, என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ!" என்று அவள் தொடங்கினால் போதும், புருஷன் பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த முறை அவள் கவலையில் நியாயம் இருந்தது. மகள் மரகதம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள். வளைகாப்பு முடிந்ததும் அழைத்து வர வேண்டும். வீட்டின் மேற்குச் சுவரோ வெடித்து, வயிறு தள்ளி நிற்கிறது. ஒரு பெருமழை தாங்காது. அதை இடித்து, புதுச்சுவர் எழுப்பி, பிரசவத்துக்கென்று ஓர் அறை எடுக்க வேண்டும். மகள் வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இடிக்கக்கூடாது, தோண்டக்கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

கொத்தனார் சடையாண்டி கடப்பாரையோடு வந்தார். ஓங்கிச் சுவரில் ஒரு குத்து விட்டார். சுவருக்குள்ளிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம்.

"என்ன அண்ணே, சுவர் முனகுது?" என்றார் பொன்னுரங்கம்.

"பழைய சுவர்தானே, வலிக்கும்" என்று சொல்லிச் சிரித்து, சடையாண்டி இன்னொரு குத்து விட்டார். வெடிப்புக்குள்ளிருந்து தேனீக்கள் குபுகுபுவென்று பாய்ந்தன. கொத்தனார் தெருமுனையில்தான் நின்றார். அதற்குள் மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

"தங்கச்சி, நான் சுவரை இடிக்க வந்தேன், என் மூஞ்சியை இடிச்சுக்க வரல" என்று அங்கிருந்தே கத்தினார். "ஒரு பந்தத்தைக் கொளுத்திப் பொந்துக்குள்ளே செருகு. எல்லாம் சாம்பலானதும் ஆள் அனுப்பு. தள்ளிப்போட்டா நான் அரசர் கோட்டை வேலைக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்!" கடைவீதி முழுக்கத் தன் மூக்கைக் காட்டிக்கொண்டே அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

வேறு வழி தெரியவில்லை. தையல்நாயகி பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு சுவரருகே போனாள். ஆனால் செருகுவதற்கு முன் ஒரு கவலை வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் எப்படி? எட்டிப் பார்த்தாள். அடுக்கடுக்காகத் தேனடைகள். அடையில் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒன்றாக, சுருண்டு படுத்திருந்தன வெள்ளைப் புழுக்கள்.

"ஐயோ, கைக்குழந்தைங்க இருக்கே!" என்று பந்தத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கொளுத்தாதே, அம்மா" என்றது ஒரு குரல்.

வெடிப்பின் விளிம்பில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. மற்றவற்றைவிட நீளம். முதுகில் பொன்னைப்போல ஒரு மினுக்கம்.

"நான் இந்தக் கூட்டின் ராணி. எங்களுக்கு வேறு ஒரு வீடு பார்த்துக் கொடு. யாரையும் கொட்டாமல் இந்தச் சுவரை விட்டுவிடுகிறோம்."

மரமே பேசுகிற காலம். தேனீ பேசியதில் தையல்நாயகிக்கு ஆச்சரியம் இல்லை. புதுவீட்டுக்கு எங்கே போவது என்பதுதான் கவலை. யோசித்து யோசித்து, நெல் அவிக்கிற பெரிய பானையை எடுத்தாள். அதில் வாசலாக ஓர் ஓட்டை போட்டாள். புதுவீடு ஆயிற்றே, மங்களமாக இருக்க வேண்டாமா? உள்ளும் புறமும் மஞ்சள் பூசினாள். குங்குமப் பொட்டு வைத்தாள். பானையின் வாயில் வேப்பிலை கட்டினாள். கொல்லை இலுப்பை மரத்தில் தொங்கவிட்டு, "வாங்கம்மா, வலது காலை வச்சு உள்ளே வாங்க" என்று கூப்பிட்டாள்.

தேனீக்கள் வந்தன, வாசலில் நின்றன, திரும்பிப் போயின. மறுபடி வந்தன, நின்றன, திரும்பின. மூன்றாம் முறை வந்தவை தள்ளாடிக்கொண்டு ஓடின.

"என்னம்மா, வீடு பிடிக்கலையா?"

"அம்மா, மஞ்சளும் வேம்பும் உங்களுக்கு மங்களம். எங்களுக்குத் தலைசுற்றல்" என்றது ராணி. "பானையைக் கழுவிவிட்டு எங்கள் பழைய மெழுகைக் கொஞ்சம் தடவு. எங்களுக்கு அதுதான் கோலம்."

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டு பானையைக் கழுவினாள். கழுவிய மஞ்சள் தண்ணீரைக் கீழே ஊற்றப் போனவள், யார் காலாவது பட்டுவிடுமே என்று கவலைப்பட்டு ஓர் அண்டாவில் பிடித்து வைத்தாள்.

அப்போது வாசலில் புகை வாடை அடித்தது. கறுப்பு அங்கியும் கையில் பெரிய தூபக்காலுமாக ஒருவன் நின்றான். கடைவீதியில் கொத்தனார் மூக்கைப் பார்த்து, கதையையும் கேட்டுவிட்டு வந்தவன்.

"தாயே, தேன்கூடு இருக்கிறதாமே? மூன்றே ஊதல். கூடு காலி. கூலி எதுவும் வேண்டாம். ராணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் சுவரருகே போய் ஊதினான். "ஃபூ!" புகை கறுப்பு விரல்களாக நீண்டு வெடிப்பைத் தடவியது. "ஃபூ!" விரல்கள் சேர்ந்து கை ஆயின. தேனீக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"ஐயா, நிறுத்துங்க! உள்ளே இருக்கிற குஞ்சு குளுவானெல்லாம் என்ன ஆகும்?"

"வேகும். உனக்கென்ன? உன் மகளுக்கு அறை வேண்டாமா?"

அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று குத்தியது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பதுபோல இருந்தது. சும்மா நின்றால் போதும், இன்னும் ஒரே ஊதலில் காரியம் முடிந்துவிடும். சும்மாதான் நின்றாள், ஒரு மூச்சு நேரம்.

"என் பொண்ணுக்குப் பிரசவ அறை வேணும்னு, இன்னொருத்தி பிரசவ அறையைக் கொளுத்துவேனா? எட்டிப் போடா!"

அண்டாவைத் தூக்கினாள். மஞ்சள் தண்ணீர் முழுவதையும் தூபக்காலின் மேல் கவிழ்த்தாள். "சுர்ர்ர்!" என்று கங்கு அணைந்தது. அந்த நெருப்பில்தான் அவன் உயிரே இருந்தது. அங்கி சுருங்கியது, ஆள் சுருங்கினான், ஒரு கீற்றுப் புகையாகி வேலியைத் தாண்டிக் கலைந்தே போனான்.

விழுந்த தேனீக்கள் மெல்ல எழுந்தன. வயலிலிருந்து வந்த பொன்னுரங்கம் அடைகளைத் தாங்கிப் பிடிக்க, தையல்நாயகி ஒவ்வொன்றாக அறுத்து, குச்சியில் வாழைநாரால் கட்டிப் பானைக்குள் வைத்தாள்.

"கொட்டாதுன்னு ராணி சொல்லிச்சுன்னியே?" என்றார் அவர், காதைத் தேய்த்துக்கொண்டு.

"அந்த ஒண்ணுக்குக் காதில விழுந்திருக்காது. உங்களுக்கு நான் சொல்றது விழுதா என்ன? அசையாம நில்லுங்க."

கடைசியாக ராணி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. "போய் வருகிறேன், அம்மா."

இருக்கிற கவலையெல்லாம் அப்போதுதான் தையல்நாயகிக்குப் பொங்கியது. "பார்த்துப் போம்மா. காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா? மரத்தடியில எறும்பு ஏறாம இருக்க மஞ்சள் போட்டிருக்கேன், தூரமாத்தான் போட்டிருக்கேன், தலை சுத்தாது. காத்து அடிச்சா பானை ஆடும், பிள்ளைங்களை நடுவில போட்டுக்கோ. மழையில வெளியே வராதே. போய்ச் சேர்ந்ததும் ஒரு ஈயை அனுப்பிச் சொல்லிடு, இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது..."

சொல்லும்போதே ஒரு சொட்டுக் கண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது.

கை பளிச்சென்று மின்னியது. எதிரே பொன்நிறப் பட்டு உடுத்திய ஓர் இளவரசி நின்றாள். இலுப்பை மரத்திலிருந்து தேனீக்கள் மழையாய் இறங்கி, தரை தொட்டதும் மனிதர்களாயின. தச்சர், கொல்லர், கொத்தர், உழவர், அடுப்படிப் பெண்கள் என்று கொல்லை கொள்ளாத கூட்டம். வெள்ளைப் புழுக்களோ, தாய்மார் இடுப்பில் விரல் சூப்பும் குழந்தைகளாயின.

மூலையில் அணைந்து கிடந்த பந்தம் கண்ணில் பட்டதும், தையல்நாயகி அதை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினாள்.

"என் பெயர் சம்பகவல்லி" என்றாள் இளவரசி. "அந்தப் புகை மந்திரவாதியைக் கட்டிக்கொள்ள மறுத்தேன். என்னையும் என் ஊரையும் தேனீக்களாக்கினான். 'பெற்ற மகளை அனுப்பும் தாய்போலக் கவலைப்பட்டு ஒருத்தி உன்னை அனுப்பினால் சாபம் தீரும்' என்று சொல்லிச் சிரித்தான். தேனீயைக் கண்டால் பயப்படுவார்கள், தேனைக் கண்டால் ஆசைப்படுவார்கள். சாப்பிட்டாயா என்று யார் கேட்பார்கள்? அதை நானாக வெளியே சொன்னாலும் சாபம் தீராது. நீங்கள் கேட்டீர்கள், அம்மா."

ஊரே கை கூப்பியது. தையல்நாயகி பதறினாள். "ஐயோ, என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ! இத்தனை பேருக்கும் நான் எதுல சோறு ஆக்குவேன்? பானையிலயும் ஓட்டை போட்டுட்டேனே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சோற்றைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் மேற்குச் சுவரை இறக்கினார்கள். இத்தனை காலம் இரவும் பகலும் கூடு கட்டிய கைகள் அல்லவா? ஒருவர் மண் குழைக்க, ஒருவர் கல் நீட்ட, ஒருவர் அடுக்க, சுவர் எழும்பியது, கூரை ஏறியது. கடைசி ஓடு வைத்து இறங்கிய பிறகுதான் மழையின் முதல் துளி விழுந்தது.

மரகதம் வளையல் குலுங்க வந்தாள். அந்த அறையில் பெண் குழந்தை பெற்றாள். சேனை வைக்க வேண்டும், அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்க வேண்டும். வைக்கிறவர் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். இளவரசி பல்லக்கில் வந்திறங்கினாள்.

"நீங்கதான் வைக்கணும்மா" என்று தையல்நாயகி கிண்ணத்தை நீட்டினாள். "நான் வச்சா என்னை மாதிரி எதுக்கெடுத்தாலும் கவலைப்படுமே!"

இளவரசி அந்தக் கையைப் பிடித்து, விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்துக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள். "நீங்களே வையுங்கள், அம்மா. அந்தக் கவலையில்தான் என் ஊர் பிழைத்தது."

குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டியது. பிறகு புருவத்தைச் சுருக்கி எல்லோரையும் ஒருமுறை பார்த்தது, இவர்களெல்லாம் சாப்பிட்டார்களோ இல்லையோ என்று கேட்பதுபோல. இலுப்பை பூத்து, தேனீக்கள் வந்து, கேட்டவரும் சொன்னவரும் அவர்களைப்போலவே நன்றாக இருக்கட்டும்.