சிரிப்புக்கு விட்ட இடம்

திருமூர்த்தி எடுத்த படத்துக்கு யாரும் சிரிக்கவில்லை.

நிலாவில் ஒரு ரேஷன் கடை. எட்டுக் கை கொண்ட வேற்றுக்கிரகவாசிகள் கார்டும் பையுமாக வரிசையில் நிற்கிறார்கள். கதையாகச் சொன்னபோது கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். படமாகப் பார்த்த விநியோகஸ்தர்கள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கேமரா நல்லா இருக்கு சார்" என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

தயாரிப்பாளர் மட்டும் போகவில்லை.

"வெள்ளிக்கிழமை ரிலீஸ். அதுக்குள்ள சிரிப்பு வரணும். இல்லைன்னா உனக்கும் எனக்கும் இதுதான் கடைசிப் படம்."

திருமூர்த்தி ரெஜினாவிடம் போனான். அவனுக்குப் படத்தொகுப்பு கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வயதில் அவனைவிட ஓரிரண்டு கூட இருக்கலாம். இந்த ஒரு படத்தை மட்டும் அவளிடம் கொடுக்காமல் தானே வெட்டியிருந்தான்.

"என்கிட்ட குடுக்காதப்பவே நினைச்சேன்" என்றாள் ரெஜினா. "உட்காரு."

"ஏன்க்கா சிரிப்பே வரல?"

அவள் படத்தை ஓடவிட்டாள்.

திரையில் ஒரு வேற்றுக்கிரகவாசி அரிசிப் பையைத் தராசில் தொங்கவிட்டுக் காட்டுகிறது. எடை ரொம்பக் குறைகிறது. கடைக்காரர் நிதானமாகச் சொல்கிறார்: "நிலாவுல எல்லாமே எடை குறைச்சல்தான். பூமிக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்க. சரியா இருக்கும்."

சொல்லிவிட்டு நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார். அவருக்குப் பின்னால், ஜன்னலில், நீலமாகப் பூமி.

ரெஜினா படத்தை நிறுத்தினாள்.

"இங்க எதுக்கு இவ்வளவு இடம்?"

"சிரிப்புக்கு. ஜனங்க சிரிக்கிறப்ப அடுத்த வசனம் கேக்காதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"ஒரு மூச்சு விடச் சொன்னேன். நீ ஒரு தூக்கமே விட்டிருக்க."

அவள் அடுத்த இடத்துக்குப் போனாள். கைரேகை வைக்க வந்த இன்னொரு வேற்றுக்கிரகவாசியிடம் கடைக்காரர், "எந்தக் கைன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்கிறார். மறுபடியும் நிற்கிறார். மறுபடியும் பூமி.

"இந்த நடிகர்கிட்ட இங்க என்ன பண்ணச் சொன்ன?"

"வாசல் பக்கம் பாத்துட்டு நில்லுங்க, யாரோ வராங்கன்னு நினைச்சுக்கங்கன்னு சொன்னேன்."

"எல்லா ஜோக்குக்கும் ஒரே அளவு. முதல்ல கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் நீளமா ஒரு இடம். ஒரு தியேட்டர் இப்படிச் சிரிக்காதுப்பா. ஒரு ஆள்தான் இப்படிச் சிரிக்கும்."

திருமூர்த்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேகலாவா?" அவன் மனைவியின் பெயரைச் சொன்னாள் ரெஜினா.

"அவளுக்கு எந்த ஜோக்கும் உடனே போய்ச் சேராதுக்கா. போய்ச் சேந்துட்டா சிரிப்பு நிக்காது. இந்தக் கதையை முதல்ல அவளுக்குத்தான் படிச்சுக் காட்டினேன். அடுப்புல பாலை வச்சிருந்தா. எடை ஜோக்குக்குச் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள பால் பூரா பொங்கிப் போச்சு."

"இப்ப எங்க இருக்கா?"

"திருப்பூர்ல. அவங்க அம்மா வீட்ல. ஷூட்டிங் முடியட்டும், பேசிக்கலாம்னு நான்தான் சொன்னேன். அப்புறம் அடுத்த ஷூட்டிங் வந்துருச்சு. அதுக்கப்புறம் அவ போனை எடுக்கறதில்ல."

ரெஜினா திரைப் பக்கம் திரும்பினாள். விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள். நின்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். அவன் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. இரண்டு முறை டீ வந்து ஆறியது.

முடித்ததும் அவள் படத்தை மறுபடி ஓட்டினாள். தராசு, எடை, பதில், சடாரென்று அடுத்த ஆள். கைரேகை. எட்டுக் கைகளும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு முன்னே வந்தன. டீ கிளாஸை எடுக்க வந்த டீக்கடைக்காரர் கதவோரம் நின்று பார்த்துச் சிரித்தார். திருமூர்த்தியும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமைக்கு இது போதும்" என்றாள் ரெஜினா.

"போதும்க்கா." எழுந்தவன் திரும்பிக் கேட்டான். "வெட்டினதெல்லாம்?"

"தூக்கிப் போடல."

வெட்டிய துண்டுகளை அவள் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். அதை ஓட்டினாள்.

கடைக்காரர் நின்றார். தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலி மூட்டைகளுக்கு நடுவே நின்றார். கடையைப் பாதி பூட்டிய கையோடு நின்றார். ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பின்னால் பூமி இருந்தது.

திருமூர்த்தி கடைசிவரை பார்த்தான். திரை இருண்ட பிறகு கேட்டான்.

"இதை வச்சு என்னக்கா பண்றது? இதை யாரு பாப்பாங்க?"

ரெஜினா அதைத் தனியாக ஒரு பென் டிரைவில் ஏற்றி அவன் கையில் வைத்தாள்.

"இதுக்கு ஒரு டிக்கெட்தான் போகும். அதை விக்க ஆள் அனுப்பாத. திருப்பூருக்கு நீயே போ."