கயிறு புடிச்சவ பங்கு

ஒரு ஊர்ல, ஊருன்னா பெரிய ஊரும் இல்ல, மலைமேல நாலு குடிசை, அங்க நஞ்சின்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் மசணன், தேன் எடுக்கிறவன். ரெண்டு பேரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டவங்க. உம் கொட்டுடி குட்டி, அப்பத்தான் அத்தை சொல்லுவேன்.

ம்.

அந்த மலையில தேன் எப்படி எடுப்பாங்க தெரியுமா? பாறை உச்சியில ஒரு மரம். அந்த மரத்தைச் சுத்திக் கொடிக்கயிறு. கயித்துல ஒருத்தன் கீழ தொங்குவான், இன்னொருத்தன் மேல நின்னு விட்டு விட்டுப் புடிப்பான். அப்படிப் புடிக்கிறது யாரு? பொண்டாட்டியோட அண்ணன் தம்பிதான். கூடப் பொறந்தவ தாலி அறுந்து போகட்டும்னு எவனாவது கயித்தை விடுவானா? ஆனா நஞ்சியோட அண்ணன், "என் பேச்சை மீறிக் கட்டுனல்ல, நான் கயித்தைத் தொட மாட்டேன்"னுட்டான். அப்போ நஞ்சி சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, "அவன் கெடக்கான், நானே புடிக்கிறேன்"னா.

அப்புறம் மொதல் பாறை. மசணன் எறங்கினான். தேனீ ங்கொய்ய்ய்ங்னு சுத்துது. நாலு மூங்கில் குழாய் நெறயத் தேன் கெடைச்சுது. வீட்டுக்கு வந்ததும் மூணு குழாயைத் தன் பக்கம் நகத்திக்கிட்டு, "தொங்கினவனுக்கு மூணு, கயித்துக்கு ஒண்ணு. அதான் வழக்கம்"னான். அந்த ஒரு குழாயை வித்த காசுலதான் ரெண்டு பேருக்கும் அரிசி, உப்பு, எண்ணெய் எல்லாம். மூணு குழாய்க் காசு அவன் இடுப்பு முடிச்சுல. தண்ணி எடுக்க யாரு? அவ. வெறகு பொறுக்க? அவ. களி கிண்ட? அட, இதையும் கேக்கணுமா!

ம்.

ரெண்டாவது பாறையில மழை புடிச்சுக்கிச்சு, சோன்னு. ஈரக்கயிறு சர்ர்ர்ருனு வழுக்குது. நஞ்சி வேர்ல குதிகாலை ஊனி இழுத்துப் புடிச்சா. உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ரத்தம். அன்னைக்கும் அவனுக்கு மூணு, அவளுக்கு ஒண்ணு. "கை எரியுது, இன்னைக்கு நீ அடுப்பு மூட்டேன்"னா. "உயிரைக் குடுத்து எறங்கினவன் நான். சும்மா மேல உக்காந்திருந்தவளுக்கு என்ன அலுப்பு?"ன்னான். பேச்சைப் பாரு! எனக்கே வயிறு எரியுது, அவளுக்கு எரியாதா?

அப்புறம் மூணாவது பாறை. எல்லாத்துலயும் ஒசரம். நஞ்சி சொன்னா, "பாதி பாதின்னா புடிக்கிறேன். இல்லாட்டி வேற ஆளைப் பாரு." மசணனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கயித்தை மரத்துல கட்டினான். "மரம் பங்கு கேக்காது"ன்னுட்டு எறங்கிட்டான்.

அவ தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா. போகட்டும், எனக்கென்னன்னு நெனச்சா. ஆனா காதைப் பொத்திக்க முடியுமா? கிர்ர்... கிர்ர்... கயிறு பாறை விளிம்புல ஒரசுது. மேல ஆள் இருந்தா தூக்கி நகத்துவாங்க. மரம் நகத்துமா? பட்! ஒரு இழை அறுந்துச்சு. கீழருந்து "நஞ்சீ!"ன்னு கத்தறான்.

முழிச்சிருக்கியாடி?

ம்... அத்தே, விழுந்துட்டானா?

இரு இரு. நஞ்சி எந்திரிச்சு ஓடி வந்தா. ஆசைப்பட்டவனாச்சே. பக்கத்துல வேற ஒரு கொடி கெடந்துச்சு. அதை மரத்துல ஒரு சுத்து சுத்திக் கீழ விட்டா. முடிச்சுப் போட நீளம் பத்தல. முனையைத் தன் கையில சுத்திக்கிட்டு, "இந்தக் கொடிக்கு மாறிக்க! தேனைக் கீழ போடு!"ன்னா.

"என் மூணு பங்குடி!"ன்னான் பாவி.

பட்! இன்னொரு இழை.

"போட்டுத் தொலைய்யா! எனக்கு நீ வேணும்யா!"ன்னு அலறினா.

அப்போதான் போட்டான். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தொப்புனு சத்தம் கேட்டுச்சு. ரெண்டு கையாலயும் கொடியை எட்டிப் புடிச்சான், மத்தக் கயிறு அறுந்து போயே போச்சு. அவ வேர்ல காலை ஊனி, அவன் பாறையில காலை ஊனி, சாண் சாணா மேல வந்தான்.

வந்து பார்த்தா, கொடி அவ கையில பதிஞ்சு கெடக்கு, விரல் பிரிய மாட்டேங்குது. ஒவ்வொரு விரலா அவனே பிரிச்சு விட்டான். ஓன்னு அழுதான்.

"இனிமே வீட்டுச் செலவு மொதல்ல எடுத்து வைப்போம். மிச்சம் பாதி பாதி"ன்னான்.

"அடுப்பு?"

"அதுவும் பாதி."

"பாறை?"ன்னா நஞ்சி. "ஒரு தடவை நீ எறங்கு, ஒரு தடவை நான்."

மசணன் பாறை விளிம்பை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். ஆனாலும் தலையாட்டினான்.

அப்புறம் கை ஆறினதும் அவ எறங்கினா, அவன் மேல நின்னு கயித்தைப் புடிச்சான். அவன் மூக்கு மேல தேனீ கொட்டுது, தட்டி விட முடியல. கயிறு கொஞ்சம் ஆடினாலும் அவனுக்கு உசிரு போய்ப் போய் வருது. "இருக்கியாடி?"ன்னான். "இருக்கேன்யா"ன்னா. கொஞ்ச நேரம் போச்சு. "இருக்கியாடி?" "இருக்கேன்னு சொல்றேன்ல, சும்மா புடி!" அவ மேல வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான்.

இருக்கியாடி குட்டி?

சரி சரி. கதை மலையேறிப் போச்சு, நீ தூங்கு.