மிச்ச ஆட்கள்

உதைக்க உதைக்கப் பிடிக்காத மொபெட் ஒன்று கடைசியில் பிடித்து, தெருமுனைவரை போய்த் தேயும் சத்தம். செண்பகவடிவு கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால் போதும், அதுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவள் கணவன் அந்த வண்டியில் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு தகவலும் இல்லை.

"சார், வேலைக் கணக்கு மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது," என்றாள்.

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஏசுவடியான் அங்கே அரசுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் வாய் திறந்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். வயது வரம்பு அவளுக்கு இந்தத் தேர்வோடு முடிகிறது. தவறினால் ஆயுசுக்கும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவதுதான். மகளும் பின்னாலேயே வரவேண்டியதுதான்.

"போட்டதைக் காட்டுங்கக்கா."

ஆறு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலை. நான்கு நாள் ஆனதும் இரண்டு பேர் போய்விடுகிறார்கள். மிச்ச வேலைக்கு எத்தனை நாள்?

ஆறு நாள் என்று எழுதியிருந்தாள்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். எல்லாக் கணக்கிலும் அதே தப்பு.

"போனவங்களை நீங்க கழிக்கவே இல்லையே."

"வந்துட்டாங்கன்னா?"

பின்னாலிருந்து, கூடப் படிக்கும் முப்பிடாதி சிரித்தாள். "யக்கா, புஸ்தகத்துல போனவன் போனவன்தான். அவனுக்கு இலை போட்டுக் காத்துக்கிட்டா இருக்க முடியும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். மொபெட் விஷயம் அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

செண்பகவடிவு அவள் பக்கம் திரும்பவில்லை. "உடம்பு சரியில்லாம இருக்கலாம் சார். எங்கேயாவது மாட்டிக்கிட்டிருக்கலாம். அதுக்குள்ள ஆளே இல்லைன்னு எப்படிப் போடுறது?"

ஏசுவடியான் நோட்டை மூடி வைத்தார். சுவரோரம் கிடந்த நீளமான தேக்கு மேஜையைக் காட்டினார்.

"ஆறு பேர் வாங்க. இதை அந்தக் கோடிக்குக் கொண்டுபோகணும்."

பக்கத்துக்கு மூன்று பேராக நின்று தூக்கினார்கள். பாதிக் கூடம் தாண்டியிருக்கும். செண்பகவடிவுக்கு அடுத்து நின்ற முப்பிடாதியின் தோளை ஏசுவடியான் தொட்டார். எதிர்வரிசையில் ஒருத்தியைத் தொட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் விட்டுருங்க."

விட்டார்கள். அவர்கள் பிடித்திருந்த கனம் மற்றவர்கள் மேல் இறங்கியது. செண்பகவடிவின் விரல் நுனிகள் வெளுத்தன.

"சார்! பிடிக்கச் சொல்லுங்க சார்!"

"யாரை?"

"அவங்களைத்தான்!"

"அவங்க போயிட்டாங்கக்கா."

"இங்கேதான சார் நிக்கிறாங்க!"

"போயிட்டாங்க."

"கால்ல போட்டுக்குவேன் சார்..."

அவர் கிட்டே வரவில்லை. எதிரே பிடித்திருந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "நடங்கக்கா," என்றாள். "நின்னா எங்களுக்கும் கையி விட்டுப்போகும்."

செண்பகவடிவு ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. தொங்கவிட்ட கைகளோடு நின்ற முப்பிடாதி பின்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"இப்ப எத்தனை பேர் தூக்குறீங்க?" என்றார் ஏசுவடியான்.

அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள். மேஜை ஆடி ஆடி நகர்ந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. கோடிச் சுவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

"நாலு," என்றாள். யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்து, இன்னொரு தடவை சொன்னாள். "நாலு பேர்."

அந்தத் தேர்வில் செண்பகவடிவு தேறினாள். அரியலூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் வேலை கிடைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். யாராவது வந்து கேட்டால் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டில் விலாசம் எதுவும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை.