கூட்டிலிருந்து காவல்

காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. விடிந்ததும் அதன்மேல் மூடுபனி இறங்கிவிடும். வெயில் ஏறும்வரை தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. தண்ணீர் குடிக்க வரும் மான்களைத் தூரத்திலிருந்து பார்த்தால், கால்களே இல்லாமல் மிதந்து வருவதுபோல் இருக்கும்.

அந்த மான்களுக்கு இரண்டு காவலர்கள் இருந்தார்கள். ஒருத்தி நாணல் என்ற ஆள்காட்டிக் குருவி. கிழக்குக் கரையில், மான்கள் தண்ணீர் குடிக்கும் இடத்தை ஒட்டி இருந்த மொட்டைப் பாறைமேல் நின்று அவள் நாலாபக்கமும் பார்ப்பாள். இன்னொருவன் சடையன் என்ற கருமுகக் குரங்கு. பாறைக்கு மேலே கிளை நீட்டிய மருத மரம்தான் அவன் இடம். சிறுத்தை கண்ணில் பட்டால் இருவரும் கத்துவார்கள். மான்கள் ஓடித் தப்பிவிடும்.

அதற்குப் பலனும் உண்டு. மான்கள் புல்லை மிதித்து நடக்கும்போது பறக்கிற பூச்சிகள் நாணலுக்கு இரையாகும். மான்களின் மோப்பத்தை நம்பிச் சடையன் தரையில் இறங்கிப் பழம் பொறுக்குவான்.

நாணலின் கூடு எதிர்க்கரையில் இருந்தது. கூடு என்றால் மரத்தில் அல்ல, தரையில். மேற்குக் கரையின் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம். அதில் நான்கு முட்டைகள். அவளும் அவள் கணவன் செம்மூக்கனும் மாறி மாறி அடைகாத்தார்கள்.

நாணலுக்கு ஒரு பயம் இருந்தது. போன கோடையில் அவள் இட்ட முட்டைகள் பொரியவே இல்லை. செம்மூக்கன் இரை தேடப் போயிருந்த ஒரு நண்பகலில், அவள் பாறைமேல் காவலில் இருந்தாள். மறைப்பே இல்லாத அந்த வெட்டவெளியில் வெயில் முட்டைகளைச் சுட்டுவிட்டது. அவள் திரும்பி வந்து வெகுநேரம் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு அசைவும் இல்லை.

இந்த முறை அவள் மான்கூட்டத்தின் தலைவி பூவரசியிடம் போனாள்.

“அக்கா, இனிமேல் கூட்டில் இருந்தபடியே காவல் பார்க்கிறேன். முட்டைகளைத் தனியே விட்டு வர மனம் கேட்கவில்லை” என்றாள்.

பூவரசி காதை ஆட்டினாள். “பாறைமேல் நீ நிற்பதைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்குகிறது, நாணல்.”

“என் குரல் குளம் முழுக்கக் கேட்கும். எங்கே நின்று கத்தினால் என்ன?”

மருத மரத்திலிருந்து சடையன் எட்டிப் பார்த்தான். “அவள் சொல்வது சரிதான். தண்ணீர்மேல் குரல் நன்றாகவே போகும். பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டுமே.”

பூவரசியின் காலடியில் அவளுடைய குட்டி நின்றுகொண்டிருந்தது. அவள் அதை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு, “சரி, அப்படியே செய்” என்றாள்.

மறுநாளிலிருந்து நாணல் கூட்டிலேயே இருந்தாள். அந்த நாட்கள் எவ்வளவு இதமாக இருந்தன! காலையில் பனி அவள் சிறகுமேல் முத்துமுத்தாய் நிற்கும். உச்சிவெயிலில் நாலடி நடந்து குளத்தில் வயிற்றை நனைத்து வருவாள். ஈர இறகோடு முட்டைகள்மேல் அமர்ந்தால் அவை குளிர்ந்துவிடும். தும்பிகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகும். மேகங்கள் குளத்துக்குள் மெதுவாக நடந்து மறுகரைக்குப் போகும். சில நேரம் முட்டைக்குள்ளிருந்து, நகத்தால் இலையைக் கீறுவதுபோல் ஒரு சத்தம் வரும். அவள் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

காவலும் குறையவில்லை. மேற்குப் பக்கத்து ஒற்றையடிப் பாதை பாறையிலிருந்து தெரியாது. கூட்டிலிருந்து நன்றாகத் தெரியும். ஒருநாள் அந்த வழியாக ஒரு நரி பதுங்கி வந்தது. நாணல் உடனே கத்தினாள். மான்கள் குட்டிகளை மறைத்துக்கொண்டன. நரி அசடு வழிந்து திரும்பிப் போனது.

“உன் யோசனை நல்ல யோசனைதான்” என்று பூவரசியே வந்து சொன்னாள்.

ஆனால் அதன்பிறகு மான்கள் கூட்டுக்கே வரத் தொடங்கின.

முன்பெல்லாம் நாணல் பாறையை விட்டுப் பறந்துவிட்டால் அன்றைய காவல் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அப்படி எந்த அடையாளமும் இல்லை. அவள் இரை தின்னும்போது ஒரு மான் வந்து நிற்கும். “வடக்கே புல் மேயப் போகலாமா? நீ இங்கேதானே இருக்கிறாய், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.” அவள் கண் அயரும்போது இன்னொரு மான் வரும். “ஏதோ சத்தம் கேட்டதே, என்னவென்று பார்த்தாயா? இங்கேதானே இருக்கிறாய்?”

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்து பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். தூக்கத்திலும் திடுக்கிட்டுக் கத்துவாள்.

ஒரு மாலையில் செம்மூக்கன் சொன்னான். “நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டேன். உன் வேலையும் கூடவே வந்து நமக்கு நடுவில் படுத்துக்கொண்டிருக்கிறது.”

நாணல் முட்டைகளை அலகால் புரட்டி வைத்தாள். அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாறையில் நின்ற நாட்களில் அவளும் சடையனும் வாய் ஓயாமல் பேசுவார்கள். எந்த மான் நொண்டுகிறது, எந்த மரத்தில் பழம் உதிர்கிறது, சிறுத்தையைக் கடைசியாக எங்கே பார்த்தது என்று பேச்சு எங்கெங்கோ போகும். இப்போது பேச ஆள் இல்லை. குளத்தில் தெரிந்த தன் நிழலோடு அவள் பேசிப் பார்த்தாள். அவள் வாய் அசைத்தபோது அதுவும் வாயசைத்தது. அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் சடையனும் அடிக்கடி வெறும் பாறையைப் பார்த்தான். பழம் தின்னும்போது ஏதோ சொல்ல வாயெடுப்பான். பிறகு பேசாமல் மென்றுகொண்டிருப்பான்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், வடகரையின் கோரைப் புதருக்குள் சிறுத்தை நுழைவதைச் சடையன் பார்த்தான். மான்கள் அப்போது மேட்டுப் பக்கம் போய்விட்டிருந்தன. ஆபத்து ஏதும் இல்லாததால் அவன் கத்தவில்லை. அது இரவோடு போய்விடும், நாணலும் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். நாணல் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மணல்மேடு மறைத்திருந்தது.

மறுநாள் காலை பனி கனமாக இறங்கியது. மான்கள் மிதந்து வந்தன. பூவரசியின் குட்டி முதல் ஆளாகத் தண்ணீரில் வாயை வைத்தது.

மணல்மேட்டுக்கு அப்பால், பனிக்கு மேலே தெரிந்த கோரை நுனி அசைந்தது. காற்று என்று நினைத்தாள் நாணல். மறுபடி அசைந்தது. மற்ற பக்கத்துப் புல் எதுவும் அசையவில்லை. உடனே அவள் உரக்கக் கத்தினாள். அதே நொடியில் மருத மரத்திலிருந்து சடையனும் கத்தினான்.

மான்கள் தலைதூக்கின. முன்பு இரண்டு குரலும் ஒரே இடத்திலிருந்து வரும். பாறைமேல் நாணல் எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறாளோ, அதற்கு எதிர்ப்பக்கம் மான்கள் ஓடும். இன்று ஒரு குரல் மேற்கிலிருந்து வந்தது. ஒரு குரல் கிழக்கிலிருந்து வந்தது. பனியில் முகம் எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆபத்து என்று நினைத்த மான்கள் நேராக வடக்கே ஓடின.

கோரைப் புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது. அதன் நகம் பூவரசியின் குட்டியின் முதுகில் பட்டது. குட்டி உருண்டு விழுந்தது.

நாணல் எதையும் யோசிக்கவில்லை. முட்டைகளை விட்டு எழுந்து, பனியைக் கிழித்துக்கொண்டு பறந்து, சிறுத்தையின் முகத்தில் போய் மோதினாள். கண்ணைக் கொத்தினாள். விலகினாள். மறுபடி வந்து கொத்தினாள். சிறுத்தை பாதத்தால் அவளை விரட்டிய அந்த இடைவெளியில் பூவரசி திரும்பி வந்து குட்டியைத் தண்ணீருக்குள் தள்ளினாள். சடையன் குளத்தைச் சுற்றிக் கிளைக்குக் கிளை தாவி வந்து, காய்ந்த கொம்புகளை ஒடித்து வீசினான். சிறுத்தை உறுமிவிட்டுப் பனிக்குள் மறைந்தது.

நாணல் மூச்சிரைக்கக் கூட்டுக்குத் திரும்பினாள். செம்மூக்கன் முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தான். “நீ போவதைப் பார்த்து ஓடி வந்தேன். நாலும் பத்திரம்” என்றான்.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் பூவரசி நாணலிடம் பேசவில்லை. குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். நாணல் தினமும் போய்த் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவாள். காயம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் பூவரசி நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் பாறையில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, அக்கா” என்றாள் நாணல்.

“அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபமாகவும் இருந்தது” என்றாள் பூவரசி. “ஆனால் நீ பாறையிலேயே நின்றிருந்தால் உன் பிள்ளைகள் வெந்து போயிருக்கும். நான் என் பிள்ளையை நினைக்கிற மாதிரிதானே நீயும் நினைப்பாய்? உன் குரல் மட்டும் எங்களுக்குப் போதவில்லை, நாணல். முகமும் வேண்டும்.”

சடையன் தரையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். “சிறுத்தை புதருக்குள் போனதை நான் முந்தின மாலையே பார்த்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பேன். இதற்கென்று கிளம்பிக் குளத்தைச் சுற்றி வரத் தோன்றவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.”

குளத்தில் ஒரு மீன் துள்ளி, வட்டம் விரிந்து விரிந்து அவர்கள் காலடிவரை வந்தது.

“பனி இருக்கும்வரை நான் பாறைக்கு வருகிறேன்” என்றாள் நாணல். “நீங்கள் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை அங்கேயே நிற்பேன். அதுவரை செம்மூக்கன் அடைகாக்கட்டும். வெயில் ஏறியதும் கூட்டுக்குப் போய் அங்கிருந்து மேற்குப் பாதையைப் பார்த்துக்கொள்கிறேன்.”

“அது போதும்” என்றாள் பூவரசி.

“இன்னும் ஒன்று இருக்கிறது, அக்கா. பொழுது சாய்ந்தபிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டு வரக்கூடாது. அந்த நேரத்தில் நான் காவல்காரி இல்லை. என் வீட்டில் இருப்பவள்.”

பூவரசி தயங்கினாள். கூட்டத்தில் சில மான்கள் முணுமுணுத்தன. “அந்த நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றான் சடையன். “காலையில் அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.” அதன்பிறகு பூவரசி தலையசைத்தாள்.

அப்படியே நடந்தது. காலையில் பாறைமேல் பேச்சுச் சத்தம் கேட்கும். பகலில் எதிர்க்கரையிலிருந்து நாணலின் குரல் வரும். மாலையில் கூட்டருகே யாரும் போவதில்லை. முதலில் ஒரு மான் மறந்துபோய் வந்து நின்றது. செம்மூக்கன் அதை ஒரு பார்வை பார்த்தான். அது திரும்பிப் போய்விட்டது.

நான்கு முட்டைகளும் பொரிந்தன. கூழாங்கல் நிறத்தில் நான்கு குஞ்சுகள் கரையெங்கும் ஓடின. மான்குட்டியின் முதுகில் காயம் ஆறி மயிர் முளைத்தது. அந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் திரும்ப வரவே இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதுதான். ஆனால் வேலைக்கு நேரம் வகுக்காவிட்டால் வீடு வீடாக இருக்காது, கூட வேலை செய்கிறவர்களின் முகம் பார்த்துப் பேசாவிட்டால் வேலையும் வேலையாக இருக்காது.