அழகுக்கு ஒரு படம்

தீயணைப்பு நிலைய அதிகாரி இருளப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. அவருக்குப் பாடம் சொன்ன மெர்லினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பார்வையற்ற பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதியில் மெர்லின் கணினி ஆசிரியை. அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது.

படிப்பு முடிந்த இருபத்தாறு பெண்கள் அந்த வாரம் விடுதியை விட்டுப் போகிறார்கள். இனி வாடகை வீடு, சொந்தச் சமையல். கேஸ் கசிந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு ஸ்லைடு செய்து தருவதாக இருளப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். அது அவரவர் போனில் இருக்கும். எழுதியிருப்பதைப் போனே வாசித்துச் சொல்லும். அப்படிச் செய்வது எப்படி என்று தெரியாமல், நான்கு நாளாக மெர்லினிடம் வந்து கற்றுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் கடைசி ஸ்லைடைக் கொடுத்தார். மெர்லின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

“இதுல ஒரு படம் இருக்கு சார். படத்தைப் போன் வாசிக்காது. விளக்கம் எழுதலையே?”

“எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு டீச்சர். பார்க்காத படத்துக்கு இவ்வளவு எழுத்து எதுக்கு?”

“சேதி இருந்தா எழுதணும். வெறும் அலங்காரம்னா வேண்டாம். இது எது?”

மணி பன்னிரண்டரை. இருளப்பனுக்குப் பசித்தது.

“அழகுக்குத்தான். நானே எடுத்த போட்டோ, நல்லா வந்திருக்கு.”

“சரி, அலங்காரம்னே குறிச்சுடறேன். போன் அதைத் தாண்டிப் போயிடும். வாங்க, பயிற்சிச் சமையலறைக்குப் போவோம்.”

“சாப்பாடா?”

“கேஸ் கசியுது.”

இருளப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“ஒத்திகை சார். சிலிண்டர் காலிதான். நான் அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி. நீங்க ஊர்லயே இல்லை. வாயைத் திறக்கக் கூடாது.”

சமையலறையில் மெர்லின் போனை மேடைமேல் வைத்தார்.

“ரெகுலேட்டரை மூடவும்,” என்று போன் வாசித்தது.

மெர்லினின் கை சிலிண்டரைத் தடவி மேலே போய், ரெகுலேட்டரைத் திருகியது.

“கதவு, ஜன்னல்களைத் திறக்கவும்.”

திறந்தார். இருளப்பன் தமக்குள் தலையாட்டிக்கொண்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவ்வளவு பதற்றமில்லாமல் யாரும் செய்ததில்லை.

“வாயுவை வெளியேற்றவும்.”

மெர்லின் ஒரு நொடி யோசித்தார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். விரல் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சில் பதிந்தது.

“டீச்சர்!”

இருளப்பன் போட்ட சத்தத்தில், பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

“சுவிட்சைத் தொடாதீங்க! ஒரு பொறி போதும், வீடே போயிடும்!”

மெர்லின் விரலை எடுக்கவில்லை.

“வெளியேத்தச் சொல்லுச்சே. ஃபேன் போடாம எப்படி?”

“ஜன்னல் வழியா தானா போகும். சுவிட்சைத் தொடக் கூடாதுன்னுதான் அந்தப் படத்துலயே...”

அந்தப் போட்டோ இருளப்பனின் கண்முன் வந்தது. சுவிட்சின் மேல் ஒரு விரல். அதன் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. குறியைப் போட்டதும் அவர்தான்.

மெர்லின் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அழகுக்குன்னுதானே சார் சொன்னீங்க?”