பாதாளச் சிறையைப் பார்க்கப் போன ராஜா

கொடிமலை ராஜா அதிவீரமுத்துவுக்குத் திடீரென்று ஓர் ஆசை. தாத்தா காலத்துப் பாதாளச் சிறையை ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அந்தக் கொடுமையை நாலு பேர் பார்த்துப் பாடம் படிக்க வேண்டும்.

பொறுப்பைத் தளவாய் உடையப்பன் ஏற்றார். வைக்கோலில் எலும்புக்கூடு கட்டித் தொங்கவிட்டார். ரத்தத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து அண்டா அண்டாவாக வைத்தார். வந்த பெண்கள் அதை ஆரத்தி என்றே நினைத்துவிட்டார்கள்! ஆளுக்கொரு பொட்டு வைத்துக்கொண்டு, முறுக்கைக் கடித்தபடி வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! அரசவை விகடர் நல்லபெருமாளைக் கூப்பிட்டார்.

"அங்கே சிரிப்பும் வேணும், பாடமும் வேணும். பத்து நாள் தவணை. தவறினால் வைக்கோல் பொம்மைக்குப் பதிலாக நீரே அங்கே தொங்குவீர்!"

தளவாய் மீசைக்குள் சிரித்தார். நல்லபெருமாள் நேரே சிறைக் காவல்காரனைத் தேடிப் போனார்.

பத்தாம் நாள் காலை ஊரே கூடிவிட்டது. முதல் ஆளாக ராஜா உள்ளே போனார். பொம்மை இல்லை, அண்டா இல்லை, வெறும் அறை. பின்னால் கம்பிக்கதவு சாத்திக்கொண்டது.

"அடேய், திறடா!"

நல்லபெருமாள் சொல்லிக்கொடுத்தபடியே காவல்காரன் பேசினான். "விசாரணை முடியாம தெறக்க முடியாதுங்க."

"யார் விசாரிக்கிறது?"

"மகாராஜாதானுங்க."

"நான்தானடா மகாராஜா!"

"நல்லதாப் போச்சு சாமி. ஆனா வரிசைப்படிதான். புதுச் சிறையில தளவாய் புடிச்சுப் போட்ட நாப்பத்து மூணு பேரு உங்களுக்கு முன்னால காத்துக் கெடக்காங்க."

நல்லபெருமாள் கையைக் காட்ட, அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ராஜா பல்லைக் கடித்தார். வேறு வழி? கம்பிக்குள் நின்றபடியே விசாரித்தார்.

முதல் ஆள், தளவாய் குதிரையேறும்போது தும்மியவன். இரண்டாவது ஆள், தும்மியவனுக்கு 'நூறு' என்று வாழ்த்துச் சொன்னவன். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. உச்சிப்பொழுதுக்குள் நாற்பது பேர் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்கள்; நிஜத் திருடர் மூன்று பேர் மட்டும் சிறைக்குத் திரும்பினார்கள்.

கடைசியில் தன்னையும் விசாரித்து விடுதலை செய்துகொண்டு, வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார் ராஜா. "ஓய், நான் கேட்ட சிரிப்பு எங்கே? பாடம் எங்கே?"

நல்லபெருமாள் கும்பிட்டார். "சிரிப்பு வெளியே நின்றவர்களுக்கு. பாடம் உள்ளே நின்றவருக்கு. இரண்டும் ஒரே ஆளுக்கு வேணும்னு மகாராஜா சொல்லலையே!"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி விகடர் கழுத்தில் போட்டார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பாடம் ஆச்சு, உடையப்பா. இன்னும் சிரிப்புத்தான் பாக்கி. நீ உள்ளே போ!"